இருபதாம் எண் சாலை

டல்லாஸ் நகரத்தின் தெற்கு விளிம்பில், வீட்லண்ட் சாலையில் டேவிட் கார்ட்டர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை, காலை மணி ஏழரை. பிள்ளைகளை இறக்கிவிட வந்த கார்கள் வாசலில் வரிசை கட்டி நின்றன. முதுகில் புத்தகப் பையும் தோளில் இன்னொரு பெரிய பையுமாக ஒரு பையன் ஓடினான். பையின் வாரில் கோத்த தலைக்கவசம் ஒவ்வோர் எட்டுக்கும் அவன் இடுப்பில் இடித்தது.

“அத்தான், இன்னும் அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டணும். ஒடெஸ்ஸாவப் பாக்கணும்னு சொல்லிட்டு இங்க வந்து நிக்கீங்களே” என்றான் மைத்துனன். அவனுக்கு மிட்லண்டில் எண்ணெய்க் கம்பெனி வேலை. என்னை அழைத்துப் போக டல்லாஸ் வரைக்கும் வந்திருந்தான்.

மேற்கு டெக்சஸ் ஊரான ஒடெஸ்ஸாவின் கதை முடிந்தது இந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களின் கையில். அதனால்தான் இங்கிருந்து தொடங்க ஆசைப்பட்டேன். 1988 டிசம்பர் 17, ஆஸ்டின் மைதானம், நல்ல மழை. டெக்சஸ் பள்ளிகளுக்கான மாநில ஃபுட்பால் அரையிறுதியில் கார்ட்டர் 14, ஒடெஸ்ஸாவின் பெர்மியன் பள்ளி 9. அந்த ஆண்டு முழுக்கப் பெர்மியன் அணியோடு கூடவே திரிந்து பத்திரிகையாளர் பஸ் பிஸிங்கர் எழுதிய ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ 1990இல் வந்தது. பின்னால் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் ஆன புத்தகம். அட்டை கிழிந்த பிரதி ஒன்று பல வருடங்களுக்கு முன் திருவல்லிக்கேணி நடைபாதையில் எனக்குக் கிடைத்தது. வாசித்து முடித்த இரவு தூக்கம் வரவில்லை.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். பிள்ளைகளைப் பதினேழு வயதில் வழியனுப்பிவிட்டு, மனசுக்குள் அதே வயதிலேயே நிறுத்திவைத்துக்கொள்வது எங்கள் தொழிலோடு வரும் பழக்கம். கல்யாண வீட்டில் நரைத்த தலையோடு ஒருவர் வந்து வணங்கினால், கையில் சுண்ணாம்புக் கட்டியோடு கரும்பலகை முன்னால் நின்ற பையனைத்தான் தேடுவேன். நாற்பது வயதுக்குள் அந்த மனிதர் பட்டது, கட்டியது, இழந்தது எதையும் கேட்கத் தோன்றாது. ஒடெஸ்ஸா என்கிற ஊரே தன் பையன்களை அப்படித்தான் வைத்திருக்கிறது என்று அந்தப் புத்தகம் சொன்னது. போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூரான பந்து; அணிக்குப் பதினொரு பேர்; பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், முன்னால் வீசலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஓடுகிறவனை மறித்துத் தரையில் சாய்ப்பது ஆட்டத்தின் பாதி. நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பள்ளிப் பையன்கள் ஆடுகிறார்கள். தொழில்முறை அணிகள் வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் புதியவர்கள் 250 பேரை ஒட்டித்தான்.

கார்ட்டர் அணியில் ஜெஸ்ஸி ஆர்ம்ஸ்டெட் அந்த மிகச் சிலரில் ஒருவர். மயாமி பல்கலைக்கழகம் போனார். 1993இல் எட்டாவது சுற்றில், கிட்டத்தட்ட கடைசி ஆட்களில் ஒருவராக, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை எடுத்தது. அப்படி எடுக்கப்பட்டவர் ஐந்து முறை தேசிய நட்சத்திர அணிக்குத் தேர்வானார். அதே கார்ட்டர் அணியின் வேறு சில பையன்கள், ஆட்டம் முடிந்த அடுத்த கோடையில் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்த வழக்குகளில் சிக்கினார்கள். கையில் கல்லூரி உதவித்தொகைக் கடிதம் வைத்திருந்தவர்களும் அதில் உண்டு. நீண்ட சிறைத்தண்டனைகள் விழுந்தன. ஒரு வீரரின் மதிப்பெண்ணைப் பற்றி எழுந்த நீண்ட வழக்கின் முடிவில் 1988 மாநிலப் பட்டமும் பள்ளியிடமிருந்து பறிபோனது. ஒரே உடைமாற்றும் அறை, ஒரே மழை, ஒரே வெற்றி. ஆறு மாதத்துக்குள் பாதைகள் இப்படிப் பிரிந்திருக்கின்றன.

தலைக்கவசப் பையன் உள்ளே போய்விட்டிருந்தான். மணி அடித்தது. நாங்கள் கிளம்பினோம்.

டல்லாஸிலிருந்து மேற்கே போகும் இருபதாம் எண் நெடுஞ்சாலை சுமார் 350 மைல் தாண்டி ஒடெஸ்ஸாவைத் தொடுகிறது. இந்தச் சாலைக்கு என் கண்ணில் ஒரு தனிக் கணக்கு உண்டு. பெர்மியன் பையன்கள் பள்ளி முடித்துவிட்டுக் கல்லூரியைத் தேடிக் கிழக்கே வந்த பாதை இது. பலர் இதே பாதையில் திரும்பவும் செய்தார்கள். நான் அவர்கள் திரும்பிய திசையில் போகிறேன்.

முதலில் ஃபோர்ட்வொர்த். டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் இங்கே. 1988 பெர்மியன் அணியில் நடுவரிசைத் தடுப்பாளனாக நின்ற ஐவரி கிறிஸ்டியனுக்கு இந்தப் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்தது. ஆட்டத்தை வெறுக்கவும் விடவும் முடியாமல் தவித்த பையன் அவன். போதகராக வேண்டும் என்ற விருப்பம் ஒருபக்கம் இழுத்தது. இங்கே ஆட்டம் நிலைக்கவில்லை. ஒடெஸ்ஸாவுக்குத் திரும்பி, பிற்காலத்தில் லாரித் தொழிலுக்குப் போனார். வலப்பக்கம் எங்களைத் தாண்டிப் போன ஒவ்வொரு லாரியின் ஓட்டுநர் முகத்தையும் நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அர்த்தமில்லாத தேடல்தான். ஆனாலும் பார்த்தேன்.

சாலைக்குத் தெற்கே ஸ்டீஃபன்வில் என்ற ஊரில் டார்ல்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம். மைக் வின்செல் படித்த இடம். பெர்மியன் அணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக். பதின்மூன்று வயதில் அப்பாவை இழந்தவன். வீட்டின் நிலையை நினைத்துக் கூசி நண்பர்களைக்கூட உள்ளே அழைக்காதவன். முதலில் பெய்லர் பல்கலைக்கழகம், பிறகு டார்ல்டன், அதன்பின் எண்ணெய் வயல்களில் நில அளவை. புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தவர் வின்செல். தன் திறமையை நம்ப முடியாத பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லாரும் அவர்களை நம்புவார்கள். அந்த நம்பிக்கையே அவர்களுக்குப் பெரும் சுமை.

பதினோரு மணிக்கு ரேஞ்சர் என்ற சின்ன ஊரில் இறங்கினோம். 1917 அக்டோபரில் இங்கே எண்ணெய் பீறிட்டது. சில வருடம் ஊர் நுரைத்துப் பொங்கியது, பிறகு எண்ணெய் வடிந்ததோடு ஊரும் வடிந்தது. இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். செங்கல் பாவிய தெரு, பலகை அடித்து மூடிய கடைகள், ஓர் ஈராண்டுக் கல்லூரி. அந்தக் கல்லூரியில்தான் பூபி மைல்ஸ் ஆடினார்.

ஜேம்ஸ் என்பது பெயர். பூபி என்றுதான் டெக்சஸ் முழுக்கத் தெரியும். 1987 பருவத்தில் பெர்மியனுக்காகப் பந்தோடு ஓடிக் கடந்த தூரம் 1,385 கெஜம். பெரிய பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. சின்ன வயதில் வளர்ப்பு இல்லத்தில் இருந்தவன். மாமா எடுத்து வளர்த்தார். கனவு காணச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. 1988 ஆகஸ்ட், பருவம் தொடங்குமுன் லபக் நகரத்தில் ஒரு பயிற்சி ஆட்டம். வெற்றி தோல்விக்குக் கணக்கு வைக்காத ஆட்டம். செயற்கைப் புல்லில் கால் மாட்டி முழங்கால் திருகிக்கொண்டது. அறுவை சிகிச்சை. அவசரமாகத் திரும்பி வந்து ஆட முயன்றான், பழைய வேகம் வரவில்லை. அவன் இடத்தில் இன்னொரு பையன் ஓடினான், நன்றாகவே ஓடினான். பருவத்தின் நடுவிலேயே பூபி அணியை விட்டு விலகினான். அந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், இரண்டு நாள் எடுக்கவில்லை. ஊர் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவன் கால் ஊருக்கு வேண்டியிருந்தது. கால் போனதும் அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு வேறு என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்க ஆளில்லை. படிப்பில் அவனை யாரும் வற்புறுத்தியிருக்கவும் இல்லை.

கல்லூரி ஆடுகளத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். மஞ்சளாகக் காய்ந்த புல், ஒரு பக்கம் அலுமினிய இருக்கைகள். ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று பார்த்த பையன் இங்கே வந்து, இந்தச் சிறிய கூட்டத்துக்கு முன்னால், சரியாக ஆறாத முழங்காலோடு ஆடியிருக்கிறான். அதற்கு வேண்டிய தைரியத்தை யாரும் பாடவில்லை. பிஸிங்கர் மட்டும் அவரை விடவில்லை. புத்தகம் வந்து இருபது வருடத்துக்குப் பிறகும் தொடர்ந்த அந்த உறவைப் பற்றி 2012இல் ஒரு சிறு நூல் எழுதினார். பாதி தகப்பனும் பாதி குற்ற உணர்ச்சியுமாக எழுதியது. எழுதப்பட்டவரின் வாழ்க்கைக்கு எழுதியவர் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வியை அவர் தள்ளிவிடவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

ரேஞ்சருக்கு மேற்கே மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஸ்வீட்வாட்டரில் காற்றாலைகள். பிக் ஸ்பிரிங் தாண்டியதும் தரை தட்டையாகி, வானம் இறங்கிவந்து, எண்ணெய் இறைக்கும் பம்ப்ஜாக்குகள் தெரிய ஆரம்பித்தன. இரும்புக் குதிரை தலையை ஆட்டுவதுபோல் மேலும் கீழும் ஓயாமல் ஆடுகிற இயந்திரங்கள். பருத்தி வயலுக்கு நடுவே, வீட்டுக்குப் பின்னால், தேவாலயத்துக்குப் பக்கத்தில், எங்கும் அவைதான்.

ஒடெஸ்ஸா 1881இல் ரயில்பாதையோடு பிறந்த ஊர். இந்தச் சமவெளியைப் பார்த்துக் கருங்கடல் ஓரத்து ஒடெஸ்ஸாவின் பெயரை வைத்ததாகச் சொல்கிறார்கள். பூமிக்கு அடியில் இருக்கும் பாறையின் பெயரும் தூரத்திலிருந்து வந்ததுதான்: 1841இல் முர்ச்சிசன் என்ற நிலவியலாளர் ரஷ்யாவின் பெர்ம் என்ற ஊரை ஒட்டி அந்தக் காலகட்டத்துக்குப் பெர்மியன் என்று பெயரிட்டார். சுமார் 30 கோடி வருடத்திலிருந்து 25 கோடி வருடத்துக்கு முந்தைய காலம் அது. அன்றைய கடலின் எச்சம்தான் இந்த எண்ணெய். அந்தப் பெயரே 1959இல் திறந்த பள்ளிக்கூடத்துக்கும் ஆயிற்று.

எண்ணெய் விலை ஏறினால் ஊருக்கு ஆள் வரும், இறங்கினால் போகும். 1986இல் பீப்பாய் பத்து டாலருக்குச் சரிந்தது. கடைகள் மூடின, வங்கிகள் விழுந்தன. அப்படிப்பட்ட ஊரில் வருடம் தவறாமல் வருவது ஃபுட்பால் ஒன்றுதான். 1965, 1972, 1980, 1984, 1989, 1991 என்று ஆறு மாநிலப் பட்டங்கள். 1988 பருவத்தில் அணியை வெளியூருக்கு அழைத்துப்போகத் தனி விமானங்களுக்கு 70,000 டாலர் செலவானது. வீரர்களின் மருந்துக் கட்டுச் செலவு 6,750 டாலர். ஆங்கிலத் துறைக்கு அந்த வருடத்துப் பாடப் பொருள்களுக்காக 5,040. புத்தகத்தின் மற்ற எதை மறந்தாலும் வாத்தியார் ஒருவருக்கு அந்தக் கடைசி இரண்டு எண்களும் மறக்காது. கணக்கை வெளியே சொன்னதற்காக ஊர் பிஸிங்கர்மேல் அத்தனை கோபப்பட்டது. மிரட்டல்கள் வந்து, புத்தகம் வந்த புதிதில் ஒடெஸ்ஸா நிகழ்ச்சியை அவர் ரத்து செய்ய வேண்டிவந்தது.

மைத்துனன் என்னை ரயில்பாதைக்குத் தெற்கே கூட்டிப்போனான். கறுப்பின மக்களும் மெக்சிக மக்களும் வாழ்ந்த பகுதி. அவர்கள் பிள்ளைகள் படித்த எக்டர் உயர்நிலைப் பள்ளி 1982இல் நீதிமன்றத்தின் ஒருங்கிணைப்பு ஆணைப்படி மூடப்பட்டது. பிள்ளைகள் மற்ற இரண்டு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஓடத் தெரிந்த பையன்களை எந்தப் பள்ளியின் எல்லைக்குள் கொண்டுவருவது என்பதில் அப்போது பெரிய அக்கறை இருந்ததைப் புத்தகம் மறைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய இன்னொருவர் பிரையன் சாவெஸ். 1988 அணியில் முன்வரிசை வீரர், வகுப்பில் முதல் மாணவர். ஹார்வர்டு போனார், சட்டம் படித்தார், ஒடெஸ்ஸாவுக்கே திரும்பி வழக்கறிஞர் ஆனார். எங்கு வேண்டுமானாலும் போயிருக்கக்கூடியவர் திரும்பி வந்தது, போக வழியில்லாமல் திரும்பியவர்களின் கதையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கே ராட்லிஃப் அரங்கத்தின் கார் நிறுத்துமிடம் முக்கால் நிறைந்துவிட்டது. 1982இல் 56 லட்சம் டாலரில் கட்டியது. ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி இறக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மேடு மாதிரி இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் காலடியில் பச்சைப் பள்ளம் திறக்கிறது. பதினேழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம்.

அன்றைக்கு ஹோம்கமிங். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் நாள். பெண் பிள்ளைகளின் நெஞ்சில் தட்டு அளவுக்குச் செவ்வந்திப் பூ. டெக்சஸில் இதை ‘மம்’ என்கிறார்கள். ஒரு காலத்தில் நிஜப் பூ, இப்போது துணிப்பூ. பூவுக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாக முழங்காலையும் தாண்டித் தொங்கும் ரிப்பன்கள், அவற்றில் சின்னச் சின்ன மணிகள், பொம்மைக் கரடி, ஆட்டக்காரப் பையனின் பெயரும் எண்ணும். ஒரு பெண் படியேறிப் போனாள் என்றால் சலங்கைச் சத்தம். எனக்கு முன்வரிசையில் இருந்த பாட்டியம்மா பேத்தியின் பூவில் ஓர் ஊசி கழன்றிருப்பதைப் பார்த்து, தன் கழுத்துத் துணியிலிருந்த ஊசியை எடுத்துக் குத்திவிட்டார். தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு இடப்பக்கம் அறுபதைத் தாண்டிய ஒருவர். கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோல் கையுமாக ஒரு பழைய மேல்சட்டை, நெஞ்சில் பெரிய பி எழுத்து. சட்டையின் முழங்கை மடிப்பில் தோல் வெடித்திருந்தது. எழுபதுகளின் கடைசியில் இந்த அணிக்கு ஆடியவர். முன்வரிசைக் காவலர், கார்டு என்பார்கள். பந்தைத் தொடவே மாட்டார்கள். பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறப்பது வேலை. முகம் அகலம், கை இன்னும் அகலம். சுண்டுவிரல் பக்கவாட்டில் விலகி நின்றது.

பூபியைப் பற்றிக் கேட்டேன். 1987இல் இதே அரங்கத்தில் பார்த்திருக்கிறாராம். “பந்து அவன் கைக்குப் போகுமுன்னே கூட்டம் எழுந்துவிடும், சார். நான் கார்டு ஆடியவன், அதனால் அவனுக்கு முன்னால் வழி திறக்கிற பையன்களைப் பார்ப்பேன். வழி திறக்காவிட்டாலும் அவன் போய்விடுவான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவனுக்கு ஊர் நியாயம் செய்யவில்லை. நானும் இந்த ஊர்தான்” என்றார்.

ஆட்டம் தொடங்கியது. அணி ஓடிவந்தபோது கூட்டம் ‘மோஜோ’ என்று இழுத்துக் கோஷமிட்டது. 1967இல் ஆபிலின் நகரத்தில் நடந்த ஆட்டமொன்றில் பழைய மாணவர்கள் எழுப்பிய கோஷம் என்பார்கள். மார்பெலும்பு அதிர்கிற மாதிரி வாத்தியக் குழுவின் பெரிய முரசு. நான் இதைக் குறைகூற வந்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் பத்து நிமிடத்துக்குள் நானும் எழுந்து நின்றிருந்தேன். மூன்றாம் முயற்சியில் ஒரு மெலிந்த பையன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போனான். அந்த நொடியில் அரங்கத்தில் யாருக்கும் வேறு கவலையே இல்லை. இதை ஒரு பையன் தன் பதினேழாம் வயதில் வெள்ளிக்கிழமைதோறும் கேட்டால், மற்ற சத்தமெல்லாம் அவனுக்கு எப்படிக் கேட்கும்?

இடைவேளையில் மூன்று பேர் பெரியவரிடம் வந்து கைகுலுக்கினார்கள். மூன்று பேரும் பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றியே பேசினார்கள். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். ஒருவராவது இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நான் கேட்டேன்.

“பம்பர்” என்றார். எண்ணெய்க் கிணறுகளைத் தினமும் சுற்றிப் பார்த்து, இயந்திரத்தைச் சரிபார்த்து, தொட்டியில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எழுதுகிறவர். நாற்பது வருடத்துக்கு மேல். 1986இல் வேலை போயிற்று. 1998இல் போயிற்று. 2015இல் பாதிச் சம்பளம். 2020 ஏப்ரலில் எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. எண்ணெயை வாங்கிக்கொள்கிறவர்களே நம்மிடம் பணம் கேட்கிற நாளும் வரும் என்றால், அப்பா உயிரோடிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார் என்றார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த களை, பழைய ஆட்டப் பேச்சில் வரவே இல்லை. “காலையில் வருகிறீர்களா? ஆறு மணிக்குக் கிளம்புவேன்” என்றார்.

ஆட்டம் முடிந்து கலைகிற கூட்டத்தில் கேரி கெய்ன்ஸின் பெயர் காதில் விழுந்தது. 1988 அணியின் பயிற்சியாளர். அந்த வருடம் மிட்லண்ட் லீ பள்ளியிடம் 22–21 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றதற்காக அவர் வீட்டு முற்றத்தில் ‘வீடு விற்பனைக்கு’ என்று பலகைகளை நட்டுவிட்டுப் போனார்கள். மூன்று பள்ளிகள் சமநிலையில் நிற்க, எந்த இரண்டு அடுத்த சுற்றுக்குப் போவது என்று நள்ளிரவு தாண்டி, ஒரு லாரி நிறுத்தத்தில் மூன்று பயிற்சியாளர்களும் நாணயம் சுண்டினார்கள். மறுவருடம் அதே கெய்ன்ஸ் ஒரு தோல்வியும் இல்லாமல் மாநிலப் பட்டம் வென்றார். இருபது வருடம் கழித்துத் திரும்ப அழைத்தபோது மறுபடி வந்து இந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 2022 ஆகஸ்டில், 73ஆம் வயதில் காலமானார். அல்ஸைமர் நோய். ஓர் ஊரே அவருடைய ஒவ்வோர் ஆட்டத்தையும் ஞாபகம் வைத்திருந்தது, அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே போயிற்று. படிக்கட்டில் யாரோ ஒருவர் அவர் தன்னிடம் எவ்வளவு மென்மையாகப் பேசுவார் என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். தோல்வியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை ஒடெஸ்ஸாவுக்கு வடமேற்கே மண் பாதையில் பம்பர் பெரியவருடைய வண்டிக்குப் பின்னால் போனோம். கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நான்கு தொட்டிகள், ஒவ்வொன்றும் இருபது அடி உயரம். அழுகிய முட்டை வாடை மெல்ல வந்தது. வாடையை வைத்து எதையும் நம்பக் கூடாது, மூக்கு மரத்துப்போனால் பெரிய ஆபத்து என்றார். ஹைட்ரஜன் சல்ஃபைடு. சட்டைப் பையில் அதைக் கண்காணிக்கும் சிறு கருவி மினுங்கியது. எங்களைக் காற்று வருகிற பக்கம், வண்டியின் அருகே நிறுத்திவைத்தார். மேலே வரக் கூடாது என்றார். எண்ணெய்க்கறை படிந்த ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் என் கையில் கொடுத்தார்.

இரும்புப் படியில் ஏறினார். இடது காலை வைப்பார், வலது காலை இழுத்து அதே படியில் சேர்ப்பார், கைப்பிடியைப் பற்றி அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் அப்படித்தான். எண்ணினேன். இருபத்து நான்கு. தினமும் இப்படி எத்தனை தொட்டி என்று கீழிருந்து கேட்டேன். “முப்பத்தொன்று” என்றார்.

மேலே போய், காற்று முதுகில் படும்படி நின்று, மூடியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தார். பிறகு எஃகு நாடாவில் ஒரு பசையைத் தடவி, நுனியில் குண்டு கட்டிய அந்த நாடாவை மெதுவாக உள்ளே இறக்கினார். குண்டு அடியைத் தொட்டதை விரலால் உணர்ந்தார் போலிருக்கிறது; விலகி நிற்கும் அந்தச் சுண்டுவிரல் நாடாவின்மேல் ஒரு கணம் படிந்து நின்றது. இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குலம் என்றால் ஒன்றரைப் பீப்பாய்க்குக் கொஞ்சம் மேலே. கால் அங்குலம் தப்பினாலும் கணக்கு உதைக்கும். நாடாவைச் சுற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். துணியால் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார்.

“பன்னிரண்டு அடி, நாலேகால்” என்று மேலேயிருந்து குரல் வந்தது. எழுதினேன். தேதியைக் கேட்டார், சொன்னேன். அதையும் பக்கத்தில் போடச் சொன்னார். மூடியை அழுத்திச் சாத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி அடுத்த தொட்டிக்கு நடந்தார்.